குமுதா வெட்டி எடுத்த ஒரு நிமிடம்

ஆட்களை அழவைப்பதில் குமுதாவை மிஞ்ச அந்தக் காலத்தில் பினாங்கில் ஒருவரும் கிடையாது. திட்டுவதாக நினைக்க வேண்டாம், அவள் பிழைப்பே அதுதான். ஜெலுத்தோங் பாசாருக்கு எதிரே, மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில், கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நாளிலேயே அவளுக்கு அந்தக் கண் இருந்தது. தாலி கட்டும்போது மற்ற கேமராக்காரர்கள் எல்லாம் தாலியைப் பிடிப்பார்கள். குமுதா பெண்ணின் அப்பாவைப் பிடிப்பாள். அந்த மனுஷன் மேளச் சத்தத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். ஆறு வாரம் கழித்து வீடியோ வீட்டுக்கு வந்ததும் மொத்தக் குடும்பமும் அதைப் பார்த்து மூக்கைச் சிந்தும்.

அப்படிப்பட்டவள் ஒரு நிமிடம் பத்து விநாடிப் படத்தை ஏழு வருடமாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அலமாரியில், புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அந்த ஒரு நிமிடம் ரோஹானா என்ற பெண்ணுக்குச் சேர வேண்டியது. அதைக் கொடுப்பதா, மறைப்பதா என்பதுதான் குமுதாவை இந்த ஏழு வருடமும் அரித்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் இதற்கு முன்கதைதான்.

கல்யாண வீடியோவிலிருந்து தொலைக்காட்சிக்குப் போனது பெரிய பாய்ச்சல். ஒரு தமிழ் அலைவரிசைக்காரர்கள் புது நிகழ்ச்சி தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கோலாலம்பூருக்கு பஸ் ஏறிப் போய், ஆறு பேர் உட்கார்ந்திருந்த அறையில் நின்றுகொண்டே சொன்னாள்: "பேசாம போன குடும்பங்களச் சேர்த்து வைப்போம் சார். கதவத் திறந்தா எதிர்ல அந்த ஆளு நிக்கணும். அவ்ளோதான்." அப்படிப் பிறந்ததுதான் 'வாசலுக்கு வந்தாச்சு'. பதின்மூன்று வாரம் என்று ஆரம்பித்தது நான்கு பருவம் ஓடியது. ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் அலுவலகம், பதினான்கு பேர் வேலைக்கு, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் நிகழ்ச்சியின் பெயர் எழுதிய வெள்ளை வேன். அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், பங்காளிச் சண்டை, எல்லாரையும் சேர்த்து வைத்தாள். தீபாவளிக்கு அவள் வீட்டுக்கு வந்த முறுக்கு டின்களை வைக்க இடம் போதாது. எல்லாம் அவள் சேர்த்து வைத்த வீடுகளிலிருந்து வந்தவை. அவள் நல்லது செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. அது முதல் பருவத்தில் பட்ட அடியில் வந்தது. இருபது வருடம் முகம் பார்க்காத இரண்டு சகோதரர்கள் படப்பிடிப்புக்கு முதல் நாளே ஹோட்டல் கார் நிறுத்துமிடத்தில் எதேச்சையாக மோதிக்கொண்டார்கள். கட்டிப்பிடித்து அழுது, சேர்ந்து போய் மீ கோரெங் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுவிட்டார்கள். மறுநாள் கேமரா முன்னால் கதவு திறந்தபோது பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். "ஹலோ அண்ணே." "ஆங், வா தம்பி." போச்சு. அலைவரிசைக்காரர்கள் குமுதாவை வறுத்தெடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து சட்டம்: முதல் பார்வை கேமராவுக்கு முன்னால்தான். தேடி வந்தவரை ஹோட்டலில் வைத்து கைப்பேசியை வாங்கிவிடுவார்கள். தேடப்பட்டவருக்கு விஷயமே தெரியக்கூடாது, வேறு ஏதோ நிகழ்ச்சி என்று சொல்லித்தான் பேட்டி எடுப்பார்கள். படப்பிடிப்பு நடக்கும் அறையில் அவளுடைய ஆட்களின் கைப்பேசிகளையும் சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவாள். நல்ல அழுகை வரும் நேரத்தில் எவனுடைய போனாவது பாட்டுப் பாடினால் யாருக்கு நஷ்டம்?

ரோஹானா மூன்றாம் பருவத்தில் வந்தாள். தாதி வேலை, வயது முப்பத்திரண்டு. பட்டர்வொர்த்தில் ஃபெரித் துறைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சுலைமானின் மகள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவர் பார்த்து முடித்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். "இனிமே என் வாசப்படிய மிதிக்காதே" என்றார் அவள் அத்தா. அவளும் மிதிக்கவில்லை. ரோஷத்தில் மகளுக்கும் தகப்பனுக்கும் குறைச்சல் இல்லை. ஒன்பது வருடம் கழித்து அவள்தான் இறங்கி வந்தாள். நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை படப்பிடிப்பு என்று பேச்சு. ஞாயிறன்றே ரோஹானாவை ஜார்ஜ் டவுனுக்கு வரவழைத்து, கடலைப் பார்த்த ஹோட்டலில் நான்காம் மாடியில் தங்கவைத்தார்கள். சன்னலைத் திறந்தால் எதிர்க்கரையில் பட்டர்வொர்த். அந்த நேரம் பார்த்து நிகழ்ச்சியை நடத்தும் நடிகருக்கு வேறு படப்பிடிப்பு வந்து தொலைந்தது. வியாழக்கிழமைக்குத் தள்ளிப் போட்டார்கள்.

"அக்கா, நான் ஃபெரில போயி தூரமா நின்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடவா? பேசவே மாட்டேன்க்கா. முக்காடப் போட்டுக்கிறேன்" என்று திங்கட்கிழமை கெஞ்சினாள் ரோஹானா.

"ஒன்பது வருசம் பொறுத்துட்ட. மூணு நாள் பொறுக்க மாட்டியா? வியாழக்கெழம ஒங்கத்தா ஒன்னக் கட்டிப் புடிச்சு அழுவாரு, பாரு லா" என்றாள் குமுதா. நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் இதில் கொடுமை.

செவ்வாய்க்கிழமை குமுதாவும் கேமராமேன் சுகுமாரனும் சுலைமான் கடைக்குப் போனார்கள். பட்டர்வொர்த் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி நிகழ்ச்சி என்று சொல்லியிருந்தார்கள். சுலைமானின் மகன் ஹக்கீமுக்கு மட்டும் உண்மை தெரியும். அவனிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கியாகிவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சுலைமான் பேசினார். மீன் தலைக் கறிக்கு என்ன புளி, தேத்தண்ணியை எவ்வளவு உயரத்திலிருந்து ஆற்ற வேண்டும், முன்பு கார்கள் எவ்வளவு தூரத்துக்கு வரிசை கட்டி நிற்கும் என்றெல்லாம் சொன்னார். நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சட்டென்று கேமராவை விட்டுவிட்டு குமுதாவைப் பார்த்தார்.

"ஏம்மா, கறியப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்க. வெளிய நிக்கிற வேன நான் டிவில பாக்காதவனா? என் மவளத் தேடிக் கண்டுபுடிச்சுட்டீங்களா?"

குமுதா தடுமாறவே இல்லை. இப்படி எத்தனையோ பேரைச் சமாளித்தவள். "இல்லண்ணே. இன்னும் கெடைக்கல. தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவர் தலையை ஆட்டினார். துண்டை நான்காக மடித்தார். "சரிம்மா. கெடச்சா சொல்லு, அத்தாவுக்குக் கோவம் இல்லன்னு. கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. எனக்குத்தான் எப்படிக் கூப்புடுறதுன்னு தெரியல." அப்புறம் எழுந்து, "தேத்தண்ணி குடிக்காம போவாதீங்க" என்று உள்ளே போனார்.

வேனில் ஏறியதும் குமுதா என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். "சுகு, தங்கம்டா இது! வியாழக்கெழம கதவு தெறக்கறதுக்கு முன்னாடி இத ஓட விட்டோம்னா ஊரே அழும்" என்று அவன் முதுகில் தட்டினாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

புதன்கிழமை காலை எட்டரைக்கு ஹோட்டல் அறையில் ரோஹானாவின் பேட்டி. கைப்பேசிகள் டின்னுக்குள் போயின. "அத்தாவப் பாத்ததும் மொதல்ல என்ன சொல்லுவ?" என்று குமுதா கேட்டாள். ரோஹானா அழுதாள். சரியாக அதே நேரத்தில் வெளிச்சம் மாறியது, ஒரு மேகம். "இன்னொரு தடவ எடுத்துக்கலாமா மா? அதே மாதிரி." இன்னொரு தடவை அழுதாள். பிறகு பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை. எல்லாம் முடிந்து டின்னைத் திறந்தபோது மணி பத்தே முக்கால். குமுதாவின் கைப்பேசியில் ஹக்கீமிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள்.

முதல் அழைப்பு எட்டு நாற்பதுக்கு. கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுலைமான் உட்கார்ந்துவிட்டார். கடைசி அழைப்பு பத்து பத்துக்கு. அதற்குப் பிறகு ஹக்கீம் கூப்பிடவில்லை, அவசரம் முடிந்துபோயிருந்தது. ஒன்றரை மணி நேரம் அந்த மனுஷன் உயிரோடு இருந்தார். நடுவில் இருந்தது கால் மணி நேர ஃபெரிப் பயணம்தான், பாவி மகளே குமுதா.

விஷயத்தைச் சொல்லி, குமுதா ரோஹானாவை ஃபெரியில் கூட்டிப் போனாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, முகம் மட்டும் திறந்திருந்தது. சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். ரோஹானா குனியப் போனபோது ஒரு வயதான பெண் அவள் கையைப் பிடித்தாள். "கண்ணத் தொடச்சுக்க புள்ள. கண்ணீர் மையத்து மேல படக்கூடாது." ரோஹானா முக்காட்டு முனையால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு குனிந்து அத்தாவின் நெற்றியில் முத்தமிட்டாள். காலையில் மூன்று தடவை அழவைத்த குமுதா, வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேமராவைக் கொண்டுபோகவில்லை. அந்த அளவுக்காவது ஈரம் இருந்தது.

பிறகுதான் அவள் செய்த தப்பு. அலைவரிசைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அஞ்சலியாக ஒரு பகுதி போடலாம் என்றார்கள். ரோஹானாவும் சம்மதித்தாள், அத்தாவின் கடைசிப் படமாயிற்றே. குமுதா வெட்ட உட்கார்ந்தாள். அவர் கேட்கும் கேள்வி வந்தது, அவளுடைய குரல் வந்தது: இன்னும் கெடைக்கல. மகள் எதிர்க்கரையில் சன்னலில் நிற்கும்போது சொன்ன பொய் அது. ஊரே கேட்கும், ரோஹானா கேட்பாள். கை தானாக நகர்ந்தது. கேள்வி, பதில், கோபம் இல்லை என்றது, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றது, எல்லாமாக ஒரு நிமிடம் பத்து விநாடியைத் தூக்கிவிட்டாள். மிச்சம் இருந்தது மீன் தலைக் கறி. பின்னால் நின்று பார்த்த சுகுமாரன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான். அடுத்த மாதம் வேலையை விட்டுப் போய்விட்டான்.

அந்தப் பகுதி ஓகோவென்று ஓடியது. அந்த வருடம் அவளுக்கு ஒரு விருதுகூடக் கிடைத்தது. ஒளிபரப்பான மறுநாள் ரோஹானா கூப்பிட்டாள்.

"அக்கா, அத்தா வேற ஒண்ணும் சொல்லலயா? என்னப் பத்தி? நான் நல்லா இருக்கேனான்னு... எதுவுமே கேக்கலயா?"

சொல்லியிருக்கலாம். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா. அவ்ளோதான் பேசுனாரு."

முதல் பொய் இரண்டு நாளைக்கு என்று சொன்னது. இரண்டாவது ஏழு வருடம் நின்றது.

அதற்குப் பிறகு குமுதாவிடம் இருந்த ஏதோ ஒன்று கழன்றுவிட்டது. நான்காம் பருவத்தில், கதவுக்கு வெளியே நிற்பவரிடம் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல வாய் வராமல், "போங்க, போங்க, உள்ள போங்க" என்று அவளே கதவைத் திறந்துவிட்டாள். கேமரா தயாராகவில்லை. இரண்டு முறை, மூன்று முறை இப்படி. பிறகு அலைவரிசை நிகழ்ச்சியை நிறுத்தியது, பெருந்தொற்று வந்தது, அலுவலகத்தைக் காலி செய்தாள். வேனை வாங்கியவர் எழுத்தைச் சுரண்டிவிட்டு ரொட்டி விநியோகத்துக்கு ஓட்டினார். இப்போது ஐம்பத்தொரு வயதில், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் கல்யாண வீடியோ. யாராவது "நீங்கதானே டிவி குமுதாக்கா?" என்று கேட்டால் "அது வேற ஆளு" என்பாள்.

போன மாதம் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. கணினிக் கடையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இப்ப காப்பி பண்ணலேன்னா இது அவ்ளோதான் அக்கா" என்றார்கள். போனால் போகட்டும் என்று விட்டிருந்தால் சாட்சியே இல்லாமல் முடிந்திருக்கும். ஒரு நொடி அப்படியும் நினைத்தாள், மறைப்பானேன். ஆனால் அந்த டிஸ்க்கில் ஒரு மனுஷன் துண்டை மடித்துக்கொண்டு மகளுக்குச் சேதி சொல்லியிருக்கிறார். கடைக்காரரிடம் அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துத் தரச் சொன்னாள்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். கை சும்மா இருக்குமா? தன் குரலை மட்டும் வெட்டினாள். அவர் கேள்விக்கும் "சரிம்மா" என்ற வார்த்தைக்கும் நடுவில் தேத்தண்ணி ஆற்றும் காட்சியை வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. சுகுமாரனாலேயே கண்டுபிடிக்க முடியாது. அத்தா மகளைப் பற்றிக் கேட்கிறார், கோபம் இல்லை என்கிறார், பொய் சொன்ன பெண்ணே அங்கே இல்லை. அதை ஒரு சிவப்புப் பென்டிரைவில் போட்டாள். வெட்டாததைக் கறுப்பில் போட்டாள். ஏன் இரண்டு என்று அவளைக் கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

ரோஹானா இப்போது பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறாள். அத்தா போன பிறகு கோலாலம்பூரை விட்டு வந்து, மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் தாதியாக வேலை செய்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குமுதா கூப்பிட்டுச் சொன்னதும், "ஞாயித்துக்கெழம வாங்கக்கா, லீவுதான்" என்றாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

புது ஃபெரி வேகமாகப் போகிறது. கையில் இருந்த பையைக் குமுதா மடியில் இறுக்கிக்கொண்டாள். சிவப்பைத்தான் கொடுப்பது என்று நடுக்கடலில் முடிவு செய்தாள். அந்தப் பெண்ணுக்கு எதற்கு வீண் வேதனை என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். யாருடைய வேதனை என்று மட்டும் யோசிக்கவில்லை.

மூன்றாம் மாடி வீடு. ரோஹானா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள், பிஸ்கட் எடுத்து வைத்தாள். மடிக்கணினியை மேசையில் தயாராக வைத்திருந்தாள்.

"மிச்சம் ஏதோ கெடச்சுச்சுன்னு சொன்னீங்களே. கறியப் பத்தியா? எதுனாலும் பரவால்லக்கா, அத்தா குரல் போதும்" என்று சிரித்தாள். அப்புறம் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சிருக்கேன். அத்தா போன பெறகு எல்லாரும் என்னத் தேத்தறதுக்காக என்னென்னவோ சொன்னாங்க. மனசுக்குள்ள ஒன்னத்தான் நெனச்சிருப்பாரு, அப்படி இப்படின்னு. நீங்க ஒருத்தர்தான் மழுப்பாம சொன்னீங்க. அவ்ளோதான் பேசுனாருன்னு. அதக் கேட்டு ரொம்ப அழுதேன். ஆனா அந்த உண்மைய வச்சுத்தான் மனசக் கட்டிப் போட்டேன். அத்தா என்ன வெறுத்துட்டாரு, அவ்ளோதான்னு."

குமுதாவின் கை பைக்குள் இருந்தது. சிவப்பு விரலில் பட்டது. அதை விட்டுவிட்டுக் கறுப்பை எடுத்தாள்.

"பாரும்மா" என்றாள். அவளே அதை மடிக்கணினியில் சொருகினாள்.

கடை வந்தது, கல்லா வந்தது. ரோஹானா "அத்தா" என்று மெதுவாகச் சொன்னாள். சுலைமான் துண்டை மடியில் வைத்தார். கேள்வியைக் கேட்டார். ரோஹானாவின் கை வாயில் போய் அப்படியே நின்றது. உடனே பெண் குரல், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல்: இல்லண்ணே. இன்னும் கெடைக்கல. தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். பிறகு அவர், எனக்குத்தான் எப்படிக் கூப்புடுறதுன்னு தெரியல என்றார், தேத்தண்ணி குடிக்கச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். படம் நின்றது.

"இது என்னைக்கு எடுத்தது?"

"செவ்வாக்கெழம."

"அப்ப நான் ஹோட்டல்ல இருந்தேன்."

"ஆமா."

"சன்னல்ல நின்னு இந்தக் கரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." ரோஹானா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "மறுநா காலையில அத்தா போகும்போது, நான் கெடைக்கலேன்னு நெனச்சுக்கிட்டே போயிருக்காரு."

"ரோஹானா, ரெண்டே நாளுதானேன்னு..."

"நீங்க போங்கக்கா."

மன்னிப்புக் கேட்கத்தான் குமுதா ஏழு வருடமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு எழுந்து, தேத்தண்ணிக் கோப்பையை அடுப்படித் தொட்டியில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்தாள். கதவு சாத்தப்படவில்லை. செருப்பின் வார் மாட்டாமல் குனிந்து தடுமாறிக்கொண்டிருந்தபோது உள்ளே படம் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

"என் மவளத் தேடிக் கண்டுபுடிச்சுட்டீங்களா?" என்றார் சுலைமான்.

இல்லண்ணே என்று குமுதாவின் குரல் ஆரம்பித்தது. அது முடிவதற்குள், அதற்கு மேலே, சின்னப் பிள்ளை மாதிரி அவசர அவசரமாக ரோஹானா பதில் சொன்னாள்.

"இங்கதான் இருக்கேன் அத்தா."

படத்தைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடியும் போட்டாள். அவர் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை குமுதாவின் குரல் வருவதற்கு முன்னாலேயே அவள் சொல்லிவிட்டாள். குமுதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். கீழே போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வியும் பதிலும் கேட்டுக்கொண்டே இருந்தன.